முத்துக்கரையில் ஆசிரியப் பயிற்சி முடித்தார் விழைவு

ஆசிரியப் பயிற்சி பெறும் நம்மவர் பிள்ளைகட்குக் கல்வி நிதியிலிருந்து பொருளுதவி செய்தல் இனியும் வேண்டுமோ என்னும் வினா நம்முள் எழுந்துள்ளது. "பயிற்சி முடித்தும் வேலையின்றி இருக்கின்றனரே, அப்பொருளைப் பொறியியற் கல்விக்கோ கப்பற்றொழிற் கல்விக்கோ தந்தால் ஆகாதோ" என்பார் பலர். அவர் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் விடை கூறப் புகுமுன், இக்கரையில் ஆசிரியராகப் பயிற்றப்பட்டோர் பயிற்சி முடித்த நாளில் எவற்றை விழைந்தனர், அவ்விழைவுகள் எவ்வாறு முடிந்தன என்பவற்றை வரலாற்று முறையில் ஆராய்தல் தகுமென யாம் கருதுகின்றோம்.

ஆசிரியரைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் கணக்காயர் என்பது ஒன்று. நக்கீரனாரின் தந்தையார் மதுரைக் கணக்காயனார் எனப்பட்டமை யாவரும் அறிந்ததே. அச்சொல்லுக்கு உறவான கணக்கப்பிள்ளை என்னும் பெயர், வேம்பாறு முதல் மணப்பாடு வரையுள்ள கடற்றுறைகளில் கோயிற்பணியோடு பிள்ளைகட்கு ஓதுவித்தலையும் மேற்கொண்டாருக்கு வழங்கிற்று. 1542-ஆம் ஆண்டு பிரான்சிஸ் சவேரியார் இக்கரைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. மந்திரங்களைத் தமிழில் பெயர்ப்பித்து, மனப்பாடம் செய்து, கையில் மணியடித்துத் தெருத்தெருவாய்ச் சென்று சிறாரைக் கூட்டினார். கற்றுத் தேர்ந்த சிறாரையே வீடுகட்கு அனுப்பி மூத்தோர்க்கும் நோயாளர்க்கும் ஓதுவிக்கச் செய்தார். ஊருக்கு ஒருவரை ஓதுவிப்பாராக அமர்த்திச் சென்றார். முறையான பயிற்சிச் சாலை அன்று இல்லை எனினும், பிறர்க்குக் கற்பிக்கவென்றே சிலரை ஆயத்தம் செய்தல் அப்பொழுதே இங்கு நடந்ததென்க.

இவர்க்கெல்லாம் ஊதியம் யாது? இக்கரையார் முத்துக்குளிப்பிலிருந்து போர்த்துக்கல் அரசுக்குச் செலுத்திய இறைப்பணத்தில் 4,000 பொற்பணம் கத்தரீனா அரசியாரின் பாதரட்சைச் செலவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அப்பணத்தை ஓதுவிப்பாரின் சம்பளத்துக்கு விட்டுத்தர வேண்டுமெனச் சவேரியார் கேட்டுப் பெற்றார். மூச்சடக்கி மூழ்கி முத்துப்பாரில் சிப்பி எடுத்தவன் உழைப்பு கடல் கடந்து ஓர் அரசியின் காலணிக்குச் செல்லவிருந்து, திரும்பி வந்து அவன் பிள்ளைக்கு எழுத்தறிவித்தவனுக்குச் சோறாயிற்று. இச்செய்தியை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுகின்றோம். மன்னர்களின் பட்டப்பெயர்களை வரிசையாக ஒப்பிக்கச் செய்வதினும் இதனைச் சொல்லுதல் நன்று.

சவேரியாருக்குப் பின் வந்த அண்டிரிக் பாதிரியார் தமிழிலக்கணம் எழுதியதும், 1578-இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்டதும் பலர் அறிவர். தமிழ் கற்பிக்கும் பெருங்கல்விச்சாலை ஒன்று மன்னாரிலோ புன்னைக்காயலிலோ அமைதல் வேண்டுமென அவர் விழைந்தமையைச் சிலரே அறிவர். அவர் எண்ணிய அளவில் அஃது அமையவில்லை. புன்னைக்காயலுக்கு இன்று செல்வார், பொருநை கடலொடு கலக்கும் அம்முகத்துவாரத்தில் நின்று, அது நிறைவேறியிருந்தால் இக்கரையின் கதை எவ்வாறு மாறியிருக்குமென எண்ணிப் பார்க்கலாம்.

உள்நாட்டில் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை முறை இருந்தது. மூத்த மாணாக்கன் இளையாரைக் கற்பிப்பான், ஆசிரியர் மேற்பார்ப்பார். சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆதரவற்ற பிள்ளைகள் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், நம் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே எழுத்துக் கற்பிக்கும்படி அமர்த்திப் பயன் கண்டு, 1797-இல் அதனை நூலாக எழுதி இலண்டனில் வெளியிட்டார். அம்முறை சென்னை முறை என்னும் பெயரால் இங்கிலாந்து முழுவதும் பரவிற்று. நம் திண்ணையிலிருந்து கப்பலேறிய முறை, பிற்காலத்தில் பாதிரிமார் பள்ளிகள் வாயிலாக நம்மிடமே புதுமைபோல் திரும்பியது வியப்பன்றோ?

சட்டாம்பிள்ளைக்கு விழைவு ஒன்றே. ஆசிரியருக்குப் பின் அத்திண்ணை தனக்காதல். ஆனால் அத்திண்ணை எவ்வளவு தந்தது? சென்னை மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுப்பித்த ஆளுநர் மன்றோ 1826-இல் எழுதிய குறிப்பில், மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் உள்ளன என்றும், ஆசிரியர் பெரும்பாலும் திங்களுக்கு 6 அல்லது 7 ரூபாய்க்கு மேல் ஈட்டுவதில்லை என்றும், தகுதியுடையாரை இத்தொழிலுக்கு இழுக்க அது போதாதென்றும் கூறினார். சென்னையில் ஆசிரியரைப் பயிற்றும் பள்ளி நிறுவி, ஜில்லாப் பள்ளி ஆசிரியர்க்கு 15 ரூபாயும் தாசில் பள்ளி ஆசிரியர்க்கு 9 ரூபாயும் தருவதாகத் திட்டம் செய்தார். மறு ஆண்டே அவர் வாந்திபேதியால் இறந்தார். 1836-இல் அப்பள்ளிகள் எடுபட்டன. ஆசிரியர் பொருளாசை கொள்ளலாமோ எனப் பழிப்பார் மன்றோவின் குறிப்பை ஒருமுறை படித்தல் நலம். தக்காரைப் பெற விரும்புவார் தக்க ஊதியம் தருதல் வேண்டும் என்று அரசாள்வோரே அன்று ஒப்புக்கொண்டனர்.

இனி நம் பக்கத்துச் சாயர்புரத்தை நோக்குவாம். தூத்துக்குடிக்குத் தென்மேற்கே பனங்காட்டிடையே இருந்த அச்சிற்றூரில் 1840-களில் ஜி. யு. போப் ஐயர் ஒரு பயிற்சிச் சாலையை நிறுவினார். உபதேசியரையும் பள்ளி ஆசிரியரையும் ஆயத்தம் செய்வதே அதன் நோக்கம். போப் கண்டிப்பிற் பெயர் பெற்றவர். வினாவிடையாக அவர் எழுதிய இலக்கண நூல்கள் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பள்ளிகளில் வழங்கின. திருக்குறளை 1886-இலும் திருவாசகத்தை 1900-இலும் ஆங்கிலத்தில் தந்த பெரும்புலமைக்கு அவர் பனங்காட்டில் கழித்த ஆண்டுகளும் துணையாயின என்பதில் ஐயமில்லை.

அச்சாலையை நிறுவினார் விழைந்தது ஒன்று. ஆண்டுகள் செல்லச் செல்லப் படித்து வெளிவந்தார் விழைந்தது மற்றொன்றாயிற்று. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபின் மெட்ரிகுலேஷன் தேறினார்க்குச் சர்க்கார் உத்தியோகம், வக்கீல் தொழில் என்னும் கதவுகள் திறந்தன. பனையேறியின் மகனும் பரதவன் மகனும் கச்சேரி மேசைக்குப் பின்னே அமரலாம் என்னும் நிலை கண்ணுக்குத் தெரிந்தபின், 'நீ சிற்றூர்ப் பள்ளியிலேயே இரு' என்றால் எவன் இருப்பான்? சாயர்புரச் சாலையே காலத்தோடு மாறிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரியாயிற்று. 1876-இல் இரயில் வந்து துறைமுக வாணிகம் பெருகிய தூத்துக்குடிக்கு அக்கல்லூரி 1883-இல் இடம்பெயர்ந்து கால்டுவெல் பெயர் பெற்றது. கல்லூரி நெடுநாள் நிலைக்கவில்லை, பள்ளி நிலைத்தது. கப்பலோட்டிய வ. உ. சிதம்பரனார் கல்வி பயின்ற பள்ளிகளுள் அதுவும் ஒன்று. சிற்றூருக்கு ஆசிரியரைத் தர எழுந்த சாலை நகரத்துக்கு வந்து சேர்ந்தமையைக் குற்றமென யாம் சொல்லோம். சிற்றூர் வெறிதாயிற்று என்பதை மட்டும் சொல்லாமலிருக்க இயலாது.

சென்னையிலும் இதுவே கதி. 1856-இல் சர்க்கார் நிறுவிய நார்மல் பள்ளி பின்னர்ச் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. சீனிவாச சாஸ்திரியார் அங்குப் பயிற்சி பெற்றுத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராய்ப் புகழெய்தி, பின் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து அரசியலுக்குச் சென்றார். சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1910-இல் பயிற்சிக்கு அனுப்பப்பட்டபொழுது, உளநூலில் அவர்க்கிருந்த தேர்ச்சி கண்டு, வகுப்புக்கு வருவதினின்று விலக்களித்து, உடன் பயின்றார்க்கே விரிவுரை செய்யுமாறு பணித்தனர். அவ்விரிவுரைகள் 1912-இல் நூலாயின. அந்த வகுப்பில் இருந்த ஏனையோர் பெயர் நமக்குத் தெரியாது. அவர் ஊர் ஊராகச் சென்று கரும்பலகை முன் முப்பதாண்டு நின்றிருப்பர். குடியரசுத் தலைவரானவரின் பிறந்தநாளில் 1962 முதல் ஆசிரியர் தினம் கொண்டாடுகின்றோம். பெயரறியா அவ்வுடன்மாணாக்கரையும் அன்று நினைத்தல் தகும்.

மகளிர் நிலை வேறு. ஆடவர்க்கு ஆசிரியப் பயிற்சி பல வாயில்களுள் ஒன்று, மகளிர்க்கு நெடுங்காலம் ஏறக்குறைய அஃதொன்றே வாயில். பாளையங்கோட்டையில் மகளிரை ஆசிரியராகப் பயிற்றும் சாலை ஒன்று, இந்தியாவையே கண்டிராத சாராள் தக்கர் என்னும் அம்மையார் நினைவாக எழுந்தது. 1857-இல் அவர் மறைந்தபின் அவர்தம் நண்பர் திரட்டிய பொருளால் அது நிறுவப்பட்டது. பெண்கள் தாமே ஊதியம் பெறுதலும், ஓர் ஊர்ப் பள்ளிக்குப் பொறுப்பேற்றலும் இங்கு அதன்வழி இயல்வதாயின. 1895-இல் அது கல்லூரியுமாயிற்று. அந்நிறுவனத்தில் பணிபுரிந்த ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்ற சிறுவன் ஒருவனுக்குக் கற்பிக்கத் தொடங்கியதிலிருந்தே பாளையங்கோட்டைப் பார்வையற்றோர் பள்ளி வளர்ந்தது. சென்னையிலோ சகோதரி சுப்புலட்சுமி, இளங்கைம்பெண்களைத் திரட்டி ஐஸ் ஹவுஸ் விடுதியில் வைத்துக் கல்வியளித்து ஆசிரியராக்கினார். மொட்டையடித்து மூலையில் இருத்தப்பட்ட பெண், பயிற்சிச் சான்றோடு வகுப்பறையுள் நுழைந்தாள் என்றால் அவ்விழைவின் பெருமையை யார் அளப்பார்?

யாம் புலவர் பட்டம் பெற்றுத் தமிழ்ப் பண்டிதப் பயிற்சி முடித்து இருபதாண்டுக்கு மேலாயிற்று. உடன் பயின்றாருள் ஒருவர் கரையூரினர். வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வலைக்கும் மீனவர் வழங்கும் சொற்களைத் தொகுத்து அகராதி செய்வதே அவர் விழைவு. உப்பளத் தொழிலாளி மகளார் ஒருவர், தம் தாய் உப்பு வாரிய அளத்துக்கு அருகிலுள்ள பள்ளியிலேயே தலைமையாசிரியராவேன் என்றார். மற்றொருவர் சிங்கப்பூர் சென்று தமிழ் கற்பிக்க எண்ணினார். பெரும்பாலார் விழைந்தது 'ஒரு நிலையான வேலை' என்பதே. அதனை இழிவென்று எண்ணற்க. அகராதியார் தொகுப்பூதியத்தில் மலையடிவாரத்து ஊரொன்றில் அமர்ந்தார். கடற்சொல் கேட்க அங்குக் கடலில்லை. அவர் குறிப்பேடுகள் இன்னும் கையெழுத்தாகவே உள்ளன. உப்பளத்து அம்மையார் தாம் சொன்னதைச் செய்தார். அவர் பள்ளியில், உப்பு வாரும் பருவத்தில் பிள்ளைகள் நின்றுவிடாதபடி அவரே வீடு வீடாகச் சென்று அழைத்து வருகின்றார். அவ்வீடுகளின் கதவு அவர்க்குத் திறப்பது அவர் அவ்வளத்துப் பெண் என்பதனாலேயே.

ஒரே பயிற்சி, ஒரே சான்று பெற்ற உடன்மாணாக்கர் இருவர் ஊதியம் ஒரு நாள் வேறுபாட்டால் பிரிந்த கொடுமையும் நம் காலத்தில் நிகழ்ந்தது. 31-5-2009 வரை நியமனம் பெற்ற இடைநிலை ஆசிரியர்க்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய். 1-6-2009 முதல் அமர்ந்தார்க்கு 5,200 ரூபாய். சென்னை வீதிகளில் அவர் பலமுறை உண்ணாநோன்பிருந்தனர். 2012-இல் நடந்த முதல் தகுதித் தேர்வில் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் எழுத, நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அதன்பின் சேருவாரின்றிப் பயிற்சிப் பள்ளிகள் பல மூடப்பட்டன. தந்தையர் அஞ்சுவதில் வியப்பில்லை.

ஆயினும் நம் வினா அதுவன்று. முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. துறைமுகம் வளர்ந்தது, அனல்மின் நிலையம் எழுந்தது. கரையூர்ச் சிறார் படிப்பு மட்டும் பருவத்துக்கும் பாட்டுக்கும் இன்னும் கட்டுண்டு கிடக்கின்றது. அங்கு வெளியூரிலிருந்து அமர்த்தப்படும் ஆசிரியர் பலர் மாறுதல் விண்ணப்பத்தோடே வருகின்றனர். அவ்வூர்ப் பிள்ளையே பயிற்சி பெற்றுத் திரும்பினால் நிற்கின்றார். ஆதலின் எம் கருத்து இது: பயிற்சிக்குச் செல்வார் அனைவர்க்கும் சிறிது சிறிதாகப் பகிர்ந்து கொடுத்தலை நிறுத்துக. கரையூர், அளத்தூர்களிலிருந்து செல்வார்க்கு, சிறப்பாகப் பெண்களுக்கு, பயிற்சிக் காலமும் தகுதித் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் காலமும் முழுவதும் தாங்கத்தக்க உதவியை அளித்திடுக. எண்ணிக்கை குறையினும் கேடில்லை. தொகை குறைந்தால் பயனில்லை என்பதை மன்றோவின் 6 ரூபாய்க் கணக்கு காட்டும்.

இப்பொருள் பற்றி நிருவாகக் குழுவினர் முடிவு செய்யுமுன், நம் குடும்பங்களில் பயிற்சி பெற்ற பாட்டன்மார் பாட்டிமாரின் பழைய சான்றிதழ்களும், பயிற்சி முடித்த நாளில் வரிசையாக நின்றெடுத்த குழுப்படங்களும் இருப்பின், படியெடுத்துச் சங்க அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டுகின்றோம். படத்தின் பின்புறம் நிற்பவர் பெயரும், அவர் பின்னர் எவ்வூரில் கற்பித்தார் என்பதும் தெரிந்த அளவு எழுதப்பட்டிருத்தல் வேண்டும்.