மென் தொடக்கியுடன் காண்டாக்டர் பயன்பாடு

மென் தொடக்கி என்பது மும்முனைத் தூண்டல் மின்னோடிக்குச் செல்லும் மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்தி, அதனை அதிர்வின்றி ஓடத் தொடங்கச் செய்யும் மின்னணுக் கருவி ஆகும். தொழிலகங்களில் இது சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்று வழங்கப்படுகின்றது. காண்டாக்டர் என்பது மின்காந்தச் சுருளால் இயங்கி, மின்சுற்றை இணைக்கவும் துண்டிக்கவும் பயன்படும் கருவி ஆகும். மென் தொடக்கி தானாகவே மின்னோடியை ஓட்டவும் நிறுத்தவும் வல்லது. எனினும், மின்னோடியை மின்வழங்கலில் இருந்து பிரிப்பதற்கு ஒரு காண்டாக்டரும், ஓட்டத்தின்போது ஏற்படும் வெப்ப இழப்பைத் தவிர்ப்பதற்கு மற்றொரு காண்டாக்டரும் அதனுடன் இணைக்கப்படுவது வழக்கம்.

பின்னணி

தூண்டல் மின்னோடியை முழு மின்னழுத்தத்தில் நேரடியாக இணைத்தால், அது தொடக்கத்தில் தனது முழுச்சுமை மின்னோட்டத்தைப் போல் ஏறத்தாழ 5 முதல் 8 மடங்கு வரை மின்னோட்டத்தை எடுக்கும். இதனால் அதே வழியில் உள்ள பிற கருவிகளுக்கு மின்னழுத்தம் தாழும். பெல்ட்டு, பற்சக்கரம் முதலியவை திடீர் இழுப்புக்கு உள்ளாகும். ஸ்டார்-டெல்டா தொடக்கி இம்மின்னோட்டத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கும். ஆயினும், ஸ்டாரில் இருந்து டெல்டாவுக்கு மாறும் கணத்தில் மீண்டும் ஒரு மின்னோட்ட எழுச்சி உண்டாகும்.

மென் தொடக்கியில், கட்டுப்படுத்தப்படும் ஒவ்வொரு பேஸிலும் இரண்டு தைரிஸ்டர்கள் எதிரெதிர்த் திசையில் இணைக்கப்பட்டிருக்கும். மாறுதிசை மின்னோட்டத்தின் ஒவ்வோர் அரை அலையிலும் தைரிஸ்டர் கடத்தத் தொடங்கும் கணத்தைச் சிறிது சிறிதாக முன்னே கொணர்வதால் மின்னழுத்தம் உயர்கின்றது. மின்னோடியின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், மின்னழுத்தம் பாதியானால் முறுக்குவிசை கால் பங்காகக் குறையும். அதிர்வெண் மாறுவதில்லை, ஆகவே மென் தொடக்கி, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி அன்று.

முதன்மைக் காண்டாக்டர்

இது மின்வழங்கலுக்கும் மென் தொடக்கிக்கும் இடையில் அமைக்கப்படுகின்றது. இதன் தேவைக்குப் பின்வரும் காரணங்கள் உள்ளன:

* தைரிஸ்டர் அணைந்திருக்கும்போதும் மிகச் சிறிய கசிவு மின்னோட்டம் அதன் வழியே செல்லும். எனவே நின்றிருக்கும் மின்னோடியின் முனைகளிலும் மின்னழுத்தம் இருக்கக்கூடும்.
* சில வகை மென் தொடக்கிகளில் இரண்டு பேஸ்கள் மட்டுமே தைரிஸ்டரால் கட்டுப்படுத்தப்படுகின்றன. மூன்றாவது பேஸ் எப்போதும் மின்னோடியுடன் நேராக இணைந்தே இருக்கும்.
* பழுதடையும் தைரிஸ்டர் பெரும்பாலும் குறுக்குச் சுற்றாகவே மாறுகின்றது. இரண்டு பேஸ்கள் இவ்வாறு கடத்தினால், நிறுத்த ஆணை கொடுத்த பின்னும் மின்னோடிக்கு மின்னோட்டம் செல்லும். நின்றிருக்கும் மின்னோடி சுழல இயலாமல் உறுமி, சூடேறி எரிந்துபோகக்கூடும்.

மென் தொடக்கி இத்தகைய பழுதைக் கண்டறிந்தவுடன் தனது பழுது ரிலே மூலம் முதன்மைக் காண்டாக்டரைத் திறக்குமாறு இணைப்புச் செய்யப்படுகின்றது. அவசர நிறுத்தப் பொத்தானும் இக்காண்டாக்டரின் சுருள் சுற்றிலேயே இணைக்கப்படுகின்றது.

ஆனால் காண்டாக்டரின் தொடுமுனைகளும் உருகி ஒட்டிக்கொள்ள வாய்ப்புண்டு. ஆதலால் மின்னோடியில் பழுது பார்ப்பவருக்கு அது மட்டும் போதிய பாதுகாப்பு ஆகாது. ஐசொலேட்டரைத் திறந்து பூட்டிய பிறகு, மின்னழுத்தம் இல்லை என்பதைச் சோதித்து அறிந்தே வேலையைத் தொடங்க வேண்டும்.

பைபாஸ் காண்டாக்டர்

இது மென் தொடக்கிக்கு இணையாக அமைக்கப்படுகின்றது. மின்னோடி முழு வேகத்தை அடைந்ததும் இது மூடிக்கொண்டு, மின்னோட்டத்தைத் தைரிஸ்டர்களைத் தவிர்த்துத் தன் வழியே செலுத்தும்.

கடத்தும் தைரிஸ்டரில் ஏறத்தாழ 1 வோல்ட்டு இழப்பு ஏற்படுகின்றது. 415 வோல்ட்டில் இயங்கும் 55 கிலோவாட்டு மின்னோடி, முழுச்சுமையில் சுமார் 100 ஆம்பியர் எடுக்கும். அப்போது மூன்று பேஸ்களிலும் சேர்த்து 300 வாட்டு வெப்பமாக வீணாகின்றது. ஆண்டுக்கு 6000 மணி நேரம் ஓடினால் இவ்விழப்பு 1800 யூனிட்டு ஆகும். இவ்வெப்பத்தை வெளியேற்றப் பெட்டியில் விசிறியும் காற்றுத் துளைகளும் தேவைப்படும். துளை வழியே தூசியும் புகும். மூடிய காண்டாக்டரில் ஏற்படும் இழப்பு இதனினும் மிகக் குறைவு. இப்பொழுது பல மென் தொடக்கிகளில் பைபாஸ் உள்ளேயே அமைக்கப்பட்டு வருகின்றது.

இயங்கும் வரிசை

1. தொடக்க ஆணை வந்ததும் முதன்மைக் காண்டாக்டர் மூடுகின்றது.
2. தைரிஸ்டர்கள் மின்னழுத்தத்தைப் படிப்படியாக உயர்த்துகின்றன.
3. முழு வேகம் எட்டியதும் பைபாஸ் காண்டாக்டர் மூடுகின்றது, தைரிஸ்டர்கள் ஓய்கின்றன.
4. மென்மையாக நிறுத்தும்போது, தைரிஸ்டர்கள் மீண்டும் கடத்தத் தொடங்கிய பின் பைபாஸ் திறக்கின்றது. மின்னழுத்தம் மெல்லக் குறைகின்றது.
5. மின்னோட்டம் நின்ற பிறகே முதன்மைக் காண்டாக்டர் திறக்கின்றது.

இவ்வரிசையில் எந்தக் காண்டாக்டரும் சுமை மின்னோட்டத்தைத் துண்டிப்பதில்லை. எனவே தொடுமுனைகளில் மின்பொறி எழுவது தவிர்க்கப்பட்டு, அவற்றின் ஆயுள் நீடிக்கின்றது. நீரேற்று நிலையங்களில் மென்மையாக நிறுத்துவதால், குழாயில் நீர் திடீரென நிற்பதால் எழும் நீரடியும் குறையும்.

காண்டாக்டரைத் தேர்ந்தெடுத்தல்

காண்டாக்டர்களுக்கான பன்னாட்டுத் தரம் ஐஇசி 60947-4-1 ஆகும். மென் தொடக்கிகளுக்கானது ஐஇசி 60947-4-2 ஆகும். முன்னதில் ஏசி-1 என்பது மின்தூண்டல் இல்லாத அல்லது குறைந்த சுமைக்கும், ஏசி-3 என்பது அணிற்கூண்டு மின்னோடியைத் தொடங்கி, ஓடும்போது துண்டிப்பதற்கும் உரிய வகைகள்.

பைபாஸ் காண்டாக்டர் மின்னோட்டத்தைத் தாங்குகின்றதே தவிர அதைத் துண்டிப்பதில்லை. ஆகையால் அதற்கு ஏசி-1 வகை போதுமானது. மென் தொடக்கி பழுதானால் பைபாஸ் வழியே நேரடியாக மின்னோடியை ஓட்டும் ஏற்பாடு இருப்பின், ஏசி-3 வகையே வேண்டும். அவசர நிறுத்தத்தின்போது ஓடும் மின்னோடியைத் துண்டிக்க நேர்வதால், முதன்மைக் காண்டாக்டருக்கும் ஏசி-3 வகையே பொருத்தமானது.

இணைப்பில் கவனிக்க வேண்டியவை

* பைபாஸ் காண்டாக்டர் ஒவ்வொரு பேஸின் உள்வரும் முனையையும் அதே பேஸின் வெளிச்செல்லும் முனையுடன் இணைக்க வேண்டும். இரண்டு கம்பிகள் இடம் மாறினால், மென் தொடக்கம் வழக்கம்போல் நடந்து முடிந்து, பைபாஸ் மூடும் கணத்தில் பேஸ்களுக்கிடையே குறுக்குச் சுற்று ஏற்படும். முதல் ஓட்டத்துக்கு முன் இதனைச் சோதித்தல் இன்றியமையாதது.
* மென் தொடக்கியின் மின்னோட்ட அளவி பைபாஸ் பாதையையும் உள்ளடக்க வேண்டும். இல்லையெனில் ஓடும் நேரம் முழுவதும் மிகைச்சுமைப் பாதுகாப்பு செயற்படாது. தனி ரிலே தேவைப்படும்.
* மின்திறன் காரணியைத் திருத்தும் மின்தேக்கிகளை மென் தொடக்கிக்கும் மின்னோடிக்கும் இடையே இணைத்தல் கூடாது. இணைத்தால் தைரிஸ்டர்கள் பழுதடையும். அவற்றை மின்வழங்கல் பக்கத்தில் தனிக் காண்டாக்டருடன் அமைத்து, முழு மின்னழுத்தம் எட்டிய பின் இணைக்க வேண்டும்.
* மென் தொடக்கியை டெல்டா சுருள்களின் உள்ளே இணைத்தால், அதன் வழியே வழி மின்னோட்டத்தில் 58 விழுக்காடு மட்டுமே செல்லும். சிறிய கருவியே போதும். ஆனால் மின்னோடி நின்றிருக்கும்போதும் அதன் சுருள்கள் மின்வழங்கலுடன் இணைந்திருக்கும் என்பதால், இம்முறையில் முதன்மைக் காண்டாக்டரை விட்டுவிடலாகாது.