சீர்தூக்கிப் புரிதல்: ஆசிரியர் கணினிப் பயிற்சி குறித்த ஒரு பாடத்தலைப்பின் வாசிப்பு

ஆசிரியர்களுக்குத் தரப்படும் கணினிப் பயிற்சி வகுப்பறைக்குள் ஏன் வேர்பிடிப்பதில்லை என்ற கேள்விக்கு நம் துறையில் ஒரு விடை நிலைபெற்றுவிட்டது. பயிற்சி நாட்கள் குறைவு, ஆசிரியரின் மனப்பான்மை இன்னும் மாறவில்லை என்பதே அது. மனப்பான்மை அளவுகோல், வினாநிரல், சராசரி, திட்டவிலக்கம், இறுதியில் “கூடுதல் பயிற்சி தேவை” என்ற பரிந்துரை. இந்த வாய்பாட்டில் அமைந்த ஆய்வேடுகளை எண்ணி முடியாது. அவற்றுள் பல தமக்கு ஆதாரமாகக் காட்டுவது, தேசிய ஆசிரியர் கல்விக் கவுன்சில் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளை ஒட்டி வெளியிட்ட இரண்டாண்டு பி.எட். கலைத்திட்ட வடிவமைப்பை. ஆனால் அந்த ஆவணம் அவை சொல்வதைச் சொல்லவில்லை என்பது என் வாசிப்பு. ஒரு பாடத்தலைப்பில் உள்ள ஓர் அடைமொழியை அலங்காரமாக எடுத்துக்கொண்டதிலிருந்து பிழை தொடங்குகிறது.

அந்த வடிவமைப்பு தொழில்திறன் மேம்பாடு என்ற தலைப்பின்கீழ் நான்கு பாடங்களை வைக்கிறது. பனுவல்களை வாசித்துச் சிந்தித்தல் முதலாவது. நாடகமும் கலையும் இரண்டாவது. தன்னை அறிதல் நான்காவது. இடையில் மூன்றாவதாக வருவது தகவல் தொடர்புத் தொழில்நுட்பம். ஆங்கிலத் தலைப்பு அதை வெறும் ‘புரிதல்’ என்று விடாமல் ‘கிரிட்டிகல்’ என்ற அடையோடு தருகிறது. முந்தைய ஆய்வுகள் இதைப் பழைய ஓராண்டு பி.எட். படிப்பில் இருந்த கல்வித் தொழில்நுட்பத் தாளின் புதுப்பெயராகவே கண்டன. ஆகவே அவை அளந்தது திறன்களை: கோப்பு திறத்தல், விரிதாள் நிரப்புதல், படவில்லை தயாரித்தல்.

தமிழில் இந்த அடையை எப்படிப் பெயர்ப்பது என்பதிலேயே பாதிச் சிக்கல் அடங்கியிருக்கிறது. ‘விமர்சனப்பூர்வமான புரிதல்’ என்றால் குறைகாணும் புரிதல் என்று காதில் விழுகிறது. அன்றாடத் தமிழில் விமர்சிப்பது என்றாலே சாடுவதுதான். ‘நுண்ணாய்வு’ என்றால் ஆய்வகத்தில் நுண்ணோக்கி வைத்துப் பார்ப்பது போல ஆகிவிடுகிறது. இலக்கியத்துக்கு நாம் வைத்திருக்கும் ‘திறனாய்வு’ பொருளுக்கு நெருங்கி வருகிறது. ஆயினும் ‘திறன்’ என்ற சொல்லே இன்று பயிற்சிக் கையேடுகளின் சொல்லாகி, நாம் விலக்க நினைக்கும் பொருளையே திரும்பக் கொண்டுவருகிறது. நான் ‘சீர்தூக்கி’ என்பதைத் தேர்கிறேன். தராசில் வைப்பவரிடம் ஏற்கெனவே ஓர் எடைக்கல் இருக்க வேண்டும். ஆசிரியரிடம் இருக்கும் எடைக்கல் எது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

ஆவணத்தின் விளக்கப்பகுதி இதற்கு இடம் தருகிறது. கணினி எழுத்தறிவைத் தாண்டிச் செல்ல வேண்டும் என்றும், கல்வியின் நோக்கங்களுக்கு ஏற்பத் தொழில்நுட்பத்தைப் பொருள்கொண்டு தகவமைத்துக்கொள்ள மாணவ ஆசிரியருக்கு உதவ வேண்டும் என்றும் அது தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. பிறகு மூன்று இழைகளைப் பிரிக்கிறது: கற்றல் கற்பித்தல்; நிருவாக, கல்விசார் உதவி அமைப்புகள்; சமூகத்தின் மீதான விரிந்த விளைவுகள். தனித்தீவாக நிற்கும் தொழில்நுட்பத்தை அது குறையாகவே குறிப்பிடுகிறது. அண்டைப் பாடங்களும் இதையே சுட்டுகின்றன. தட்டச்சுத் திறனை வளர்ப்பதுதான் நோக்கம் என்றால் நாடகத்துக்கும் தன்னை அறிதலுக்கும் நடுவே இந்தப் பாடத்தை வைப்பதற்குக் காரணம் இல்லை. அந்த வரிசையில் உள்ள மற்ற மூன்றும் ஆசிரியரின் ஆளுமையையும் கண்ணோட்டத்தையும் பற்றியவை.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எதிர்த்தரப்புக்கும் ஆவணம் ஒரு கைப்பிடி தருகிறது. கணினியில் அடிப்படைப் பழக்கம் வேண்டும் என்று அது கேட்கிறது. பதிவேடுகளைப் பேணுவது எளிதாகும் என்று நிருவாக இழையில் நம்பிக்கையோடு பேசுகிறது. இந்தப் பகுதிகளை மட்டும் எடுத்து வாசித்தால் திறன்பட்டியல் வாசிப்பு நியாயம்போலத் தோன்றும். பாடத்தின் மதிப்பெண் 50தான் என்பதும் கல்லூரிகள் அதைச் செய்முறைப் பதிவேட்டோடு முடித்துக்கொள்ள வசதியாயிற்று. இருந்தும் ஆவணம் அடிப்படைப் பழக்கத்தைத் தொடக்கமாகத்தான் கொள்கிறது. முந்தைய ஆய்வுகள் அந்தத் தொடக்கத்தையே முடிவாகக் கொண்டன.

இனி, ஆசிரியரின் எடைக்கல் எது என்பதற்கு வருகிறேன். இரும்புலியூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்த ஒரு பாடவேளை இந்த வாசிப்பை எனக்குத் தெளிவாக்கியது. ஒரு வகுப்பறைக் காட்சி எதையும் நிறுவிவிடாது என்பது தெரியும். ஒரு கருத்தைச் சோதித்துப் பார்க்க அது போதும். ஆசிரியை ஸ்மார்ட் போர்டில் ‘கிளி’ என்று எழுத விரும்பினார். கைபேசியில் எல்லோரும் செய்வது போல ரோமன் எழுத்துகளில் ஒலியைத் தட்டினார். திரையின் கீழ்ப்பட்டையில் ‘கிலி’, ‘கிளி’ என்று இரண்டு சொற்கள் வந்து நின்றன. அவர் சரியானதைத் தொடுவதற்குள் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, “மிஸ், ரெண்டு இருக்கு. எது நம்ம கிளி?” என்றாள். ஆசிரியை விரலை எடுத்துவிட்டார். “ரெண்டையும் வாய்விட்டுச் சொல்லுங்க. நாக்கு எங்க போய்த் தொடுதுன்னு பாருங்க” என்றார். அடுத்த பத்து நிமிடம் வகுப்பு லகரத்திலும் ளகரத்திலும் கழிந்தது. வீட்டில் தெலுங்கும் இந்தியும் பேசும் பிள்ளைகள் சிலரும் அந்த வகுப்பில் இருந்தார்கள். நாக்கை மடித்து மடித்துப் பார்த்து அவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

அந்தப் பத்து நிமிடம் எந்தக் கணினிப் பயிற்சியிலிருந்தும் வரவில்லை. எழுத்துகளின் பிறப்பை அவர் எங்கோ ஒழுங்காகப் படித்திருக்கிறார். தொல்காப்பியத்தின் பிறப்பியல் தொட்டு நம் இலக்கணம் கைவிடாமல் பேசிவரும் செய்தி அது. இயந்திரம் செய்த ஒரு தேர்வை, குழந்தை செய்ய வேண்டிய தேர்வாக அவர் மாற்றியதற்கு அந்த அறிவே துணை. மனப்பான்மை அளவுகோல் இதைப் பிடிக்காது. “சொல்லைத் தட்டச்சு செய்ய அதிக நேரம் எடுத்துக்கொண்டார்” என்றுதான் ஒரு கண்காணிப்புப் படிவம் குறித்திருக்கும்.

இந்த இடத்தில் சற்று நின்று உள்ளீட்டு முறைகளையே பார்க்க வேண்டும். அவற்றை நடுநிலையான கருவிகள் என்று பயிற்சிக் கையேடுகள் கொள்கின்றன. உயிர்மெய்யைக் கற்பிக்கும் ஆசிரியருக்கு அவை அப்படி அல்ல. பழைய தட்டச்சுப் பொறியின் முறையில் ‘கெ’ எழுத முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு ககரம். கை எழுதும் வரிசை இது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில் முதலில் ககரம், பிறகு எகரம். திரையில் ‘க’ தோன்றிப் பின் ‘கெ’ ஆகிறது. எழுத்து வடிவின் தருக்கம் இது: அகரமேறிய எழுத்தின்மேல் உயிர்க்குறி ஏறுகிறது. எ-கலப்பை போன்ற மென்பொருள்களில் உள்ள ஒலிபெயர்ப்பு முறையிலோ ரோமன் ‘கே’யைத் தட்டியதும் திரையில் வருவது ‘க்’; அடுத்த உயிரைத் தட்டியதும் அது ‘கெ’ ஆகிறது. மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் என்ற இலக்கண விதி அப்படியே கண்முன் நிகழ்கிறது.

தமிழ்99தான் இலக்கணத்துக்கு நெருக்கமானது என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். உயிரை ஒரு கைக்கும் மெய்யை மறு கைக்கும் பிரித்த அதன் அமைப்பு அப்படி நம்பவைக்கும். ஆனால் உயிர்மெய் உருவாகும் கணத்தை மட்டும் பார்த்தால், ரோமன் எழுத்தைக் கடன்வாங்கும் முறையே இலக்கண விதியைத் திரையில் காட்டுகிறது. நம் எழுத்தைக் கொண்ட முறை எழுத்து வடிவின் விதியைக் காட்டுகிறது. இரும்புலியூர் வகுப்பில் பயன்பட்ட கைபேசிப் பாணியோ இரண்டையும் காட்டாமல் முழுச்சொல்லாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அடித்தளத்தில் இருக்கும் யூனிகோடும் தன் பங்குக்கு ஒரு நிலைப்பாட்டை எடுத்திருக்கிறது. அதில் அகரமேறிய ‘க’ ஒரே குறியீடு. புள்ளி வைத்த ‘க்’ இரண்டு குறியீடுகளின் கூட்டு. இலக்கணத்தில் மெய்தான் அடிப்படை, இங்கே அது வழிநிலை. 2010இல் யூனிகோடோடு சேர்த்துத் தமிழக அரசு ஏற்ற டேஸ்16 குறியாக்கம் மெய்க்கும் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் தந்ததன் பின்னணியில் இந்த மனக்குறையும் இருந்தது.

இவற்றுள் எது சிறந்தது என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஒன்றாம் வகுப்பில் எழுத்தை வரையப் பழகும் குழந்தைக்கு ஒரு முறை பொருந்தலாம். ஆறாம் வகுப்பில் புணர்ச்சி படிக்கும் மாணவருக்கு வேறொன்று பொருந்தலாம். அந்தத் தேர்வைச் செய்யக்கூடியவர் தமிழாசிரியர். தமிழ் தெரிந்திருப்பதால்தான் அவரால் அதைச் செய்ய முடிகிறது. ‘சீர்தூக்கி’ என்ற அடைமொழி கேட்பது இதைத்தான் என்று உறுதியாக எண்ணுகிறேன். ஷுல்மன் 1986இல் முன்வைத்த பாடப்பொருள்சார் கற்பித்தல் அறிவின்மேல் மிஸ்ராவும் கோலரும் 2006இல் தொழில்நுட்பத்தைச் சேர்த்து வரைந்த மூன்று வட்டங்கள் நம் ஆய்வேடுகளில் தவறாமல் வருகின்றன. மூன்றும் ஒரே அளவில் வரையப்படுவதால் மூன்றும் ஒரே நேரத்தில் இயங்குவதாக ஒரு மயக்கம் ஏற்படுகிறது. ‘கிளி’ வகுப்பில் பாடப்பொருள் வட்டம் முன்னே சென்றது. மற்றவை அதைப் பின்தொடர்ந்தன.

இந்த வாசிப்பு சரியென்றால், பயிற்சியின் வரலாற்றையும் மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். 1984-85இல் பள்ளிக் கணினி எழுத்தறிவுக்கான ‘கிளாஸ்’ திட்டம் பி.பி.சி. மைக்ரோ கணினிகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தபோது பயிற்சி பெரிதும் தொழில்நுட்ப நிறுவனங்களின் பொறுப்பாக இருந்தது. 1990களின் இறுதியில் தமிழக அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணினிக் கல்வி தனியார் நிறுவனங்கள் வழியே வந்தபோது ‘கணினிப் பயிற்றுநர்’ என்ற தனிப் பிரிவு உருவாயிற்று. அடுத்த அறையில் கணிதமும் தமிழும் நடத்தியவருக்குக் கணினி அண்டைவீட்டுப் பொருளாக நின்றது. பிறகு வந்த பன்னாட்டு நிறுவனங்களின் பயிற்சிகள், அண்மைக் காலத்தில் திக்‌ஷா தளத்தில் ‘நிஷ்தா’ ஆசிரியர் பயிற்சிக் காணொளிகளைப் பார்த்து வினாடிவினா முடித்துச் சான்றிதழ் பெறும் முறை என எல்லாவற்றிலும் நாட்களின் எண்ணிக்கை மாறியது, பயிற்சியின் உள்ளடக்கமும் மாறியது. கருத்தாளர் இருக்கையில் அந்தந்தப் பள்ளிப் பாடத்தின் ஆள் உட்கார்ந்ததுதான் அரிது. இதைக் குறையாகக் காணாத ஆய்வுகள் நாட்களின் எண்ணிக்கையை மட்டும் குறையாகக் கண்டன.

சாதனமே இல்லாதபோது அடைமொழியைப் பற்றிப் பேசி என்ன பயன் என்று கேட்பார்கள். அந்தக் காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 திறன் வகுப்பறைகளும் ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினிகளும் திட்டமிட்ட மாநிலத்தில் அந்த வாதம் நெடுநாள் நிற்காது. மூத்த ஆசிரியர்கள் மாற மாட்டார்கள் என்பது இன்னொரு மறுப்பு. ‘கிளி’ வகுப்பின் ஆசிரியை பணி ஓய்வை நெருங்கியவர்; இதற்குமேல் அந்த மறுப்புக்கு இடம் தர நான் விரும்பவில்லை. 2014 வடிவமைப்பையே புதிய கல்விக் கொள்கை பின்னுக்குத் தள்ளிவிட்டதே என்பது மூன்றாவது. அந்த வடிவமைப்பின்கீழ் படித்து வெளிவந்தவர்களே இன்று தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் வகுப்பெடுக்கிறார்கள். அவர்கள் ஓய்வுபெற இன்னும் இருபது முப்பது ஆண்டுகள் இருக்கின்றன.

கடினமான மறுப்பு ஆவணத்தின் உள்ளிருந்தே வருகிறது. மூன்று இழைகளில் நடுவில் உள்ள நிருவாக இழைதான் நடைமுறையில் மற்ற இரண்டையும் விழுங்கியிருக்கிறது. ஆசிரியரின் கையில் கணினி இன்று அதிகம் செய்வது எமிஸ் என்ற கல்வித் தகவல் மேலாண்மைத் தளத்துக்கான வேலை: வருகைப் பதிவு, மாணவர் விவரம், நலத்திட்டப் பட்டியல். 2023இல் தொடக்கக் கல்வி ஆசிரியர் இயக்கங்களின் டிட்டோஜாக் கூட்டமைப்பு முன்வைத்த கோரிக்கைகளில் இந்தப் பணியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது முக்கியமானதாக இருந்ததை நினைவுகூரலாம். முந்தைய ஆய்வுகள் இந்தச் சலிப்பை எல்லாம் ‘தொழில்நுட்பத்தின் மீதான எதிர்மறை மனப்பான்மை’ என்ற ஒரே பெட்டியில் போட்டுவிட்டன. நான் அப்படிப் பார்க்கவில்லை. நிருவாக இழை வகுப்பு நேரத்தைத் தின்னும்போது அதை எடைபோட்டுச் சொல்பவர், ஆவணம் கேட்ட புரிதலையே வெளிப்படுத்துகிறார்.

மூன்றாவது இழையும் இங்கேதான் உயிர்பெறுகிறது. தனிமனிதரின் அந்தரங்கத்துக்குள் நுழைந்து கண்காணிக்கும் இயல்பு இத்தொழில்நுட்பத்துக்கு உண்டு என்றும், அதை மனித உரிமை, குழந்தை உரிமைக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும் என்றும் ஆவணம் வெளிப்படையாகவே பேசுகிறது. ஒரு குழந்தையின் சாதி, பெற்றோர் வருமானம், கைபேசி எண் ஆகியவற்றை ஒவ்வொரு கல்வியாண்டும் உள்ளிடுபவர் வகுப்பாசிரியர். 18 வயதுக்குட்பட்டவரின் தரவுக்குப் பெற்றோர் இசைவைக் கேட்கும் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும், நான் புரட்டிப் பார்த்த பி.எட். செய்முறைப் பதிவேடுகளில் இந்தப் பொருளில் ஒரு பக்கம்கூட இல்லை. படவில்லை தயாரித்தலுக்கு எல்லாவற்றிலும் பன்னிரண்டு, பதினைந்து பக்கங்கள் இருந்தன.

ஆகவே காரப்பாக்கத்தில் உள்ள ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் இப்பாடத்தை இனி யார் நடத்துவது என்பதை முதலில் பேச வேண்டும்; எத்தனை மணி நேரம் என்பது அடுத்தபடி. என் முன்மொழிவு சிறியது. ஒரே பாடவேளையில் தமிழ்க் கற்பித்தல் முறைப் பேராசிரியரும் கணினி ஆசிரியரும் சேர்ந்து நிற்கட்டும். மாணவ ஆசிரியர்கள் ‘கொக்கு’ என்ற சொல்லை மூன்று உள்ளீட்டு முறைகளிலும் தட்டி, ஒவ்வொரு விசைக்குப் பின்னும் திரையில் தோன்றியதைப் பாடக்குறிப்பு ஏட்டில் வரிசையாக எழுதட்டும். ஒற்றைக் கொம்பும் காலும் ககரத்தின் இருபுறமும் வந்து சேரும் அந்த இடத்தில், இரண்டாம் வகுப்புக் குழந்தை எதைக் கேட்கும் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளட்டும். கணித ஆசிரியர்களுக்கு இதற்கு இணையான பயிற்சியை ஜியோஜீப்ராவில் வட்டம் வரைவதிலிருந்து தொடங்கலாம். காகிதத்தில் கவராயம் செய்வதை அம்மென்பொருள் எந்த வரிசையில் செய்கிறது என்பதை அவர்களே எழுதிப் பார்க்க வேண்டும்.