கோமாளித் தொழிலும் ஆங்கிலக் குறும்புச் சொற்களும்

சேட்டை செய்பவரையும் கோணங்கித்தனத்தையும் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களுள் பல, தொடக்கத்தில் வசைச்சொற்களோ செல்லப் பேச்சுகளோ அல்ல. மேடையிலும் சந்தைத் திடலிலும் உடம்பை வருத்திப் பிழைத்த கலைஞர்களின் தொழிற்பெயர்களாகவும் அவர்களின் கருவிகளின் பெயர்களாகவும் இருந்தவை. இக்காலத்தில் வகுப்பறைக் குறும்பனுக்கும் அலுவலக விகடனுக்கும் எளிதில் சூட்டப்படும் அப்பெயர்களுக்குப் பின்னால், ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுக் காலத் தொழில் வரலாறு ஒன்று இருக்கிறது.

அதன் ஊற்றுக்கண் இத்தாலி. எழுதி வைத்த வசனம் ஏதுமின்றி, கதைச் சுருக்கத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, முகமூடி அணிந்து நடிகர்கள் இட்டுக்கட்டிப் பேசி நடித்த ‘கொம்மேடியா டெல்லார்த்தே’ என்னும் தொழில்முறை நாடகம் 16ஆம் நூற்றாண்டில் அங்கே தழைத்தது. அதில் வேலைக்காரனாக வரும் பாத்திரத்துக்கு ‘ஸன்னி’ என்று பெயர். ‘ஜியோவன்னி’ என்னும் பொதுப்பெயரின் வட்டார வடிவமான இது, பெர்காமோ மலைப்பகுதியிலிருந்து வெனிஸ் நகருக்குக் கூலி வேலைக்கு வந்த ஏழைகளை நினைவூட்டுவது. இப்பெயர் ஆங்கிலத்துக்குள் ‘ஸானி’ என நுழைந்தபோது, தலைமை வித்தைக்காரன் செய்வதைக் கோணலாகச் செய்து காட்டும் எடுபிடியைக் குறித்தது. பின்னரே கிறுக்குத்தனமான வேடிக்கை எதற்கும் உரியதாயிற்று. கன்னத்தை உப்ப வைத்து ஊதுவதைக் குறிக்கும் இத்தாலிய வேரிலிருந்து ‘பஃபூன்’ பிறந்தது. இந்நாடகத்தில் ஹார்லெக்வின் என்னும் பாத்திரம் ஏந்திய மட்டைக்கும் இங்கே இடமுண்டு. இரண்டு தட்டையான மரச்சட்டங்களை ஒரு முனையில் மட்டும் பிணைத்துச் செய்த அதனால் ஒருவரை அடித்தால், சட்டங்கள் ஒன்றோடொன்று மோதிப் பேரோசை எழும். அடிபட்டவருக்கு வலி மிகக் குறைவு. அடி உதையால் சிரிக்க வைக்கும் நகைச்சுவை முழுவதற்கும் வழங்கும் ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்னும் சொல் இவ்வகை மட்டையின் ஆங்கிலப் பெயரே.

‘கிளவுன்’ என்ற சொல்லின் கதை வேறு. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது நாகரிகமறியாத நாட்டுப்புறத்தானைக் குறித்தது. ஆகவே லண்டன் மேடையில் கிளவுன் சிரிப்பை உண்டாக்கியபோது, நகரத்தார் கிராமத்தாரைப் பார்த்தே சிரித்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. முதலாம் எலிசபெத் அரசியின் ஆதரவைப் பெற்று 1588இல் மறைந்த ரிச்சர்ட் டார்ல்டன், உழவனின் முரட்டுத்துணி உடையும் சிறு பறையும் குழலுமாகத் தோன்றினார்; திரைக்கு இடையே அவர் தலையை நீட்டிய மாத்திரத்தில் கூட்டம் சிரித்தது என்று அக்காலத்தவர் எழுதியுள்ளனர். ஷேக்ஸ்பியரின் குழுவில் நடித்த வில் கெம்ப், 1600இல் லண்டனிலிருந்து நாரிச் வரை நூறு மைலுக்கும் மேற்பட்ட தொலைவை, இடையிடையே ஓய்வெடுத்து, ஒன்பது நாள் ஆட்டமாக ஆடியே கடந்து, அதைப் பற்றிச் சிறுநூலும் வெளியிட்டார்.

அடுத்த திருப்பத்துக்குச் சட்டமும் துணை நின்றது. பேச்சு நாடகத்தை லண்டனில் ட்ரூரி லேன், கோவென்ட் கார்டன் ஆகிய இரண்டு அரங்குகளுக்குரிய உரிமையாக 1737ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் நிலைநிறுத்தியதால், சாட்லர்ஸ் வெல்ஸ் போன்ற பிற அரங்குகள் இசை, நடனம், கழைக்கூத்து, ஊமைக்காட்சி ஆகியவற்றையே நம்பி வாழ நேர்ந்தது. நடிகர் ஜான் ரிச் முன்னரே வளர்த்திருந்த ‘பான்டொமைம்’ என்னும் ஊமைக்கூத்து வகைக்கு இது வாய்ப்பாக அமைந்தது. நாவைக் கட்டியபோது உடம்பு பேசக் கற்றுக்கொண்டது. அக்கல்வியின் தலைமாணாக்கர் ஜோசப் கிரிமால்டி.

1778இல் லண்டனில் பிறந்த கிரிமால்டி, இத்தாலிய நடன ஆசிரியர் ஒருவரின் மகன். குரங்கு வேடத்தில் இருந்த அச்சிறுவனைத் தந்தை சங்கிலியில் கட்டிச் சுழற்றியபோது, சங்கிலி அறுந்து அவன் பார்வையாளர் நடுவே போய் விழுந்ததாக அவரது வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. வெள்ளை பூசிய முகத்தில், கன்னங்களில் சிவப்பு முக்கோணங்கள் தீட்டி அவர் அமைத்த ஒப்பனை, நாட்டுப்புறத்தான் என்ற பழைய கிளவுனை ஊரும் பேருமற்ற குறும்பின் உருவமாக மாற்றியது. 1806 டிசம்பர் 29 அன்று கோவென்ட் கார்டனில் அரங்கேறிய ‘மதர் கூஸ்’ பான்டொமைம் அவரைப் புகழின் உச்சிக்கு ஏற்றியது. நிலக்கரி வாளிகளைக் காலணியாகவும், பெண்கள் கை நுழைத்துக் குளிர்காயும் மென்மயிர் உறையைத் தொப்பியாகவும் அணிந்து, குதிரைப்படை அதிகாரிகளின் பகட்டான சீருடையை அவர் பகடி செய்தார். காய்கறிகளை அடுக்கி ஓர் ஆளை உருவாக்கி, உயிர்பெற்ற அதனுடன் குத்துச்சண்டையும் போட்டார். வீட்டுப் பொருளைக் கொண்டே அதிகாரத்தின் பொய்த்தோற்றத்தைக் கலைத்த இக்கலையை வெறும் அகடவிகடம் என்று ஒதுக்குவது பெரும் அநீதி.

அதற்கு அவர் கொடுத்த விலையோ கொடிது. நாற்பதுகளின் நடுவிலேயே மூட்டுகள் செயலிழந்து மேடையை விட்டு விலகிய கிரிமால்டி, 1828இல் ட்ரூரி லேனில் நடந்த பிரிவு நிகழ்ச்சியில் நிற்க முடியாமல் நாற்காலியில் அமர்ந்தபடியே பாடினார், 1837இல் காலமானார். அடுத்த ஆண்டு அவரது வாழ்க்கைக் குறிப்பைச் செப்பனிட்டு வெளியிட்டவர் இளம் சார்லஸ் டிக்கன்ஸ். ஆங்கிலேயக் கோமாளிகளுக்கு இன்றும் வழங்கும் ‘ஜோயி’ என்ற பெயர் கிரிமால்டியின் செல்லப்பெயரே. லண்டனில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோமாளிகள் முழு ஒப்பனையுடன் தேவாலயத்தில் கூடி அவருக்காக வழிபாடு நடத்துகின்றனர்.

இச்சொற்களுள் ஒன்று கடல் கடந்து தமிழ் மேடையிலும் தொழிற்பெயராகவே நிலைத்தது. சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில் வரும் இசை நாடகத்தில் நகைச்சுவை நடிகருக்கு ‘பபூன்’ என்றே பெயர். ‘வள்ளி திருமணம்’ போன்ற நாடகங்கள் இரவு பத்து மணியளவில் தொடங்கி விடியும்வரை நடக்கையில், கதைக்கு முன்பே மேடையேறித் தனியாகப் பேசியும் பாடியும் கூட்டத்தை வசப்படுத்துபவர் அவரே. கதைப்பகுதிக்கு அச்சிட்ட பாட்டும் வசனமும் உண்டென்றாலும், பபூனின் பகுதி எழுதப்படாமல், மூத்த நடிகரிடமிருந்து இளையவர் கேட்டும் பார்த்தும் கற்றுக்கொள்வதாகவே இருந்து வருகிறது.