இரு மின்தடைகளின் வரலாறு

தொலைவில் உள்ளோரின் குரலை இன்று பக்கத்து அறையில் பேசுவதுபோலக் கேட்டு மகிழ்கிறோம். இவ்வசதி எளிதில் வாய்த்ததன்று. கம்பி நீள நீளக் குரல் தேயும். ஆகவே இடையிடையே பெருக்கிகளை அமைத்து அதற்கு வலுவூட்டினர். ஆனால் 1920களில் வழங்கிய வெற்றிடக் குழாய்ப் பெருக்கிகள் ஒரு நிலையில் நில்லாதவை. குழாய் பழையதானாலும் மின்னழுத்தம் மாறினாலும் பெருக்கம் மாறிவிடும். வண்டி நிலையந்தோறும் ஐந்து நிமிடம் தாமதித்தால் கடைசி நிலையத்தில் நேருவதென்ன என்பதை ரயில்வேக் குடும்பத்தினராகிய நாம் நன்கறிவோம். அவ்வாறே சிறு பிழைகள் பெருக்கிதோறும் சேர்ந்து பேச்சையே குலைத்தன.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஹரால்டு பிளாக், 1927 ஆகஸ்டு 2 அன்று ஹட்சன் ஆற்றைப் படகில் கடக்கையில் இதற்கு வழி கண்டு, கையிலிருந்த செய்தித்தாளிலேயே வரைந்து வைத்தார். தேவைக்கு மிகுதியான பெருக்கத்தை முதலில் உண்டாக்குவது. பின்னர் வெளியீட்டில் ஒரு பங்கை எதிர்முகமாக உள்ளீட்டுக்கே திருப்புவது. மிகுதி போய்விடும், நிலைபேறு வந்துவிடும். 1928ல் விண்ணப்பித்த காப்புரிமை அவருக்கு 1937ல்தான் கிட்டியது.

இம்முறையில் பெருக்கத்தின் அளவைத் தீர்மானிப்பது பெருக்கியன்று. அதன் வெளியே அமைந்த இரு மின்தடைகளின் விகிதமே. கூட்டல் முதலிய கணக்குகளையும் செய்யவல்ல இத்தகைய பெருக்கிக்கு, 'ஆபரேஷனல் ஆம்ப்ளிஃபயர்' என்னும் பெயரை 1947ல் ரகஸ்ஸீனியும் அவருடன் உழைத்தோரும் எழுதிய கட்டுரை வழங்கிற்று. 1968ல் ஃபேர்சைல்டு நிறுவனம் வெளியிட்ட 741 என்னும் சில்லு அதனை உலகெங்கும் பரப்பிற்று.

விகிதம் மட்டும் போதுமா? பத்து மடங்கு பெருக்க விரும்புகிறோம் என்று கொள்வோம். உள்ளீட்டில் 10 ஓம், பின்னூட்டத்தில் 100 ஓம் வைக்கலாம், 10 லட்சமும் 1 கோடியும் வைக்கலாம், விகிதம் ஒன்றே. ஆயினும் 100 ஓமில் 10 வோல்ட் நிற்க 100 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். 741 தரவல்லதோ ஏறத்தாழ 25 மட்டுமே. 1 கோடி ஓமிலோ, சில்லின் உள்வாய் இழுக்கும் 80 நானோ ஆம்பியர் என்னும் அற்ப மின்னோட்டமே 0.8 வோல்ட் பிழையை விளைக்கும். அன்றியும், மின்தடை எதுவாயினும் வெப்பத்தால் தானே இரைச்சல் எழுப்பும் என்பதை 1928ல் ஜான்சனும் நைக்விஸ்டும் வெளியிட்டனர். தடை உயர உயர இரைச்சலும் உயரும். ஆகவே 10 ஆயிரமும் 1 லட்சமும் போன்ற நடுவழியே நலம். அங்கே அப்பிழை 8 மில்லி வோல்ட்டாகச் சுருங்குகிறது.

கடையில் 47 கிடைக்கிறது, 50 ஏன் கிடைப்பதில்லை என்று பிள்ளைகள் வினவுவதுண்டு. 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்பது ஒரு படிவரிசை. ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் ஏறத்தாழ 1.2 மடங்கு. தயாரிப்பில் நூற்றுக்குப் பத்து கூடினும் குறையினும், அம்மின்தடை ஏதேனும் ஒரு படியில் அடங்கிவிடும், வீணாவது குறையும். 1952ல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் இத்தகைய வரிசைகளைத் தரமாக வெளியிட்டது.

நம் காலனியில் இக்கலை பயிலும் இளைஞர், பிறர் வரைபடத்து எண்களை அப்படியே படியெடுத்தல் போதாது. விகிதத்தைக் கணக்கிட்டபின், அவ்வளவு பெரிய எண் ஏன், அவ்வளவு சிறிய எண் ஏன் என்றும் கேட்டறிவாராக. சில்லின் வலிமையை மட்டுமன்றி அதன் குறைகளையும் அறிந்தவரே நல்ல சுற்றை அமைப்பர்.