ஆறு பேர் எதுக்கு, ரெண்டு பேர் போதாதா?

புதுச்சேரில பார்ட்டின்னு சொன்னா எல்லாரும் வேற ஒண்ணைத்தான் நினைப்பாங்க. இன்னிக்கு நாம பேசப்போறது கம்ப்யூட்டர் ரோல்-பிளேயிங் கேம்ல வர்ற பார்ட்டி. வீரன், மந்திரவாதி, வைத்தியம் பாக்குற பூசாரி, பூட்டு திறக்குற திருடன்னு ஒரு கூட்டமா சேர்ந்து பாதாளத்துக்குள்ள இறங்குவாங்களே, அந்தக் கூட்டம்.

காலாப்பட்டு ஹாஸ்டல்ல நானும் என் ரூம்மேட்டும் ஒரே ஒரு பழைய லேப்டாப்ல 'பால்டர்ஸ் கேட்' விளையாடினோம். 1998-ல வந்த கேம். ஆறு பேரைக் கூட்டிட்டுப் போகலாம். நாங்க ரெண்டே பேரை வெச்சு ஆரம்பிச்சோம். அவனுக்கு வீரன், எனக்கு மந்திரவாதி. முதல் லெவல் மந்திரவாதிக்கு உயிர் நாலைஞ்சு பாயின்ட்தான். கோட்டையை விட்டு வெளிய வந்து பத்து நிமிஷம் ஆகல, ஒரு ஓநாய் கடிச்சே செத்துட்டேன்.

சரி, இந்த ஆறுங்கிற எண்ணிக்கை எங்கிருந்து வந்துச்சு?

1974-ல 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' வந்தப்ப அது பேப்பர், பென்சில், பகடை வெச்சு மேஜையைச் சுத்தி உக்காந்து ஆடுற ஆட்டம். ஆளுக்கு ஒரு பாத்திரம். எத்தனை நண்பர்கள் வந்தாங்களோ, அதுதான் பார்ட்டி. கம்ப்யூட்டருக்கு வந்ததும், ஒரே ஆள் அத்தனை பேரையும் ஆட்டி வைக்க வேண்டியதாச்சு. 1981-ல ஆண்ட்ரூ கிரீன்பெர்க்கும் ராபர்ட் உட்ஹெட்டும் உருவாக்கின 'விசார்ட்ரி'-ல ஆறு பேர். முன்வரிசை மூணு பேர் வாள் வீசலாம், பின்வரிசை மூணு பேர் மந்திரம்தான் போடலாம்.

(நம்ம ஊர்ல இதுக்கு முன்னாடியே ஆறு பேர் பார்ட்டி ஒண்ணு இருந்துச்சு. வீரமாமுனிவர் எழுதின பரமார்த்த குரு கதை. குருவும் அஞ்சு சீடர்களும். ஆறு பேருக்குமே புத்தி பாயின்ட் பூஜ்யம்.)

விசார்ட்ரில செத்தா சும்மா இல்ல. சாவு அப்பவே ஃபிளாப்பில பதிவாயிடும். கோயில்ல காசு கட்டி உயிர்ப்பிக்கலாம். அது தப்பிப்போனா உடம்பு சாம்பல். சாம்பல்லயும் தப்பிப்போனா ஆளே கிடையாது. மொத்தப் பேரும் உள்ளயே செத்தா, இன்னொரு பார்ட்டியை அனுப்பித்தான் உடம்பைத் தூக்கிட்டு வரணும். அப்படிப்பட்ட கேம்ல ஆள் குறைச்சு யார் போவா?

ஆனா போனாங்க. காரணம் ஒரு வகுத்தல் கணக்கு. எதிரியைக் கொன்னா கிடைக்கிற அனுபவப் புள்ளி, அதாவது எக்ஸ்பி, உயிரோட இருக்கிறவங்களுக்குச் சமமாப் பிரியும். ஆள் கம்மின்னா பங்கு பெருசு. பாகப்பிரிவினை மாதிரிதான்.

இங்கதான் நாங்க ஏமாந்தோம். பால்டர்ஸ் கேட்ல வீரனுக்கு 2,000 எக்ஸ்பில ரெண்டாவது லெவல். அப்புறம் 4,000, 8,000, 16,000. சதுரங்கக் கட்டத்துல நெல்லு வெச்ச கதை மாதிரி இரட்டிச்சுக்கிட்டே போகும். மொத்தம் 24,000 வருதுன்னு வைங்க. ஆறு பேர்னா தலைக்கு 4,000, மூணாவது லெவல். ரெண்டு பேர்னா தலைக்கு 12,000. மூணு மடங்கு பங்கு! ஆனா லெவல் என்னமோ நாலுதான். ஒரே ஒரு லெவலுக்காக நாலு ஆளை, நாலு வாளை, நாலு உயிரை விட்டுட்டோம்.

அப்ப சின்ன பார்ட்டி முட்டாள்தனமா? 2000-ல வந்த ரெண்டாம் பாகத்துல கதை மாறுது. ஒன்பதாவது லெவலுக்கு மேல வீரனுக்கு இரட்டிப்பு கிடையாது, ஒவ்வொரு லெவலுக்கும் 2,50,000 போதும். ஆறு பேரா தலைக்கு 5 லட்சம் சேர்த்தா பத்தாவது லெவல். அதே எக்ஸ்பி தனி ஆளுக்குப் போனா 29,50,000-ங்கிற உச்சவரம்பையே தொட்டு, பத்தொன்பதாவது லெவல்ல நிப்பான். ரசிகர்கள் தனியா விளையாடிப் பெருமை பேசினதுக்குப் பின்னாடி இந்த அட்டவணைதான் இருக்கு.

டிசைனர்களும் இதைக் கவனிச்சாங்க. பெல்ஜியத்து லேரியன் நிறுவனம் 2017-ல விட்ட 'டிவினிட்டி: ஒரிஜினல் சின் 2'-ல 'லோன் வுல்ஃப்'னு ஒரு திறன் இருக்கு. பார்ட்டில ரெண்டு பேருக்கு மேல இல்லன்னா கூடுதல் உயிர், ஒவ்வொரு சுற்றுலயும் கூடுதல் செயல். ரசிகர்களோட பிடிவாதம் அப்படியே சட்டமாயிடுச்சு. ஆறு பேரும் குறைஞ்சாச்சு: அவங்களே 2023-ல பண்ணின 'பால்டர்ஸ் கேட் 3'-ல நாலு பேர்தான்.

எனக்கு இதுல ஒரு வருத்தம் உண்டு. முதல் பாகத்துல மின்ஸ்க்னு ஒருத்தன் வருவான், கையில செல்ல வெள்ளெலியோட. சிறைப்பட்ட டைனஹெயரைக் காப்பாத்தக் கூட வாங்கன்னு கெஞ்சுவான். சேர்த்துட்டு, ரொம்ப நாள் இழுத்தடிச்சா, நம்ம மேலயே பாய்வான். பங்கு குறையுமேன்னு நாங்க அவனைச் சேர்க்கவே இல்ல. அந்தக் கதை முழுக்க எங்களுக்குப் போச்சு.

கடைசி செமஸ்டர் முடிஞ்சு அவன் ஊருக்குப் போனான், லேப்டாப்பும் அவனோட போச்சு. கேமை நாங்க முடிக்கல. இப்ப நான் மறுபடி ஆரம்பிச்சிருக்கேன். விக்கிரமாதித்தன், பட்டி, வேதாளம்னு மூணு பேரைச் சேர்த்தேன். வேதாளம்தான் மந்திரவாதி. நாலாவதா மின்ஸ்க்குக்கு ஒரு இடம் காலியா வெச்சிருக்கேன்.