செயற்கைச் சிறுநீரகமும் தசை நலிவும்

சிறுநீரகங்கள் இரண்டும் அறவே செயலிழந்துவிட்டால், சின்னாட்களிலோ சில வாரங்களிலோ மரணம் உறுதி என்பதே ஒரு காலத்து நிலை. அந்நிலை மாறிய வரலாற்றையும், மாற்றத்தின் பின் தோன்றிய புதியதோர் இடரையும் இங்குக் காண்போம்.

மெல்லிய சவ்வின் வழியே சிறு பொருள்கள் ஊடுருவிச் செல்லும், பெரியவை தங்கிவிடும். இத்தன்மையை ஆராய்ந்த ஸ்காட்லாந்து அறிஞர் தாமஸ் கிரகாம், 1861-இல் இதற்கு 'டயாலிசிஸ்' எனப் பெயரிட்டார். 1943-இல், ஜெர்மானியப் படையின் பிடியிலிருந்த நெதர்லாந்தில், வில்லெம் கோல்ஃப் என்னும் இளம் மருத்துவர் இத்தன்மையைக் கொண்டே செயற்கைச் சிறுநீரகம் அமைத்தார். இறைச்சியை அடைக்கப் பயன்பட்ட செல்லோபேன் குழலே அவருக்குக் கிடைத்த சவ்வு! முதல் நோயாளிகள் பலர் மாண்டனர், அவர் தளரவில்லை. 1945-இல் மூதாட்டி ஒருவர் அக்கருவியால் உயிர் பிழைத்தார்.

ஆயினும், ஒவ்வொரு முறையும் புதிதாக இரத்தக் குழாயை அறுக்க வேண்டியிருந்ததால், சிகிச்சையை நெடுநாள் தொடர இயலவில்லை. 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையிலேயே நிலைத்திருக்கும் டெஃப்ளான் குழாயைப் பொருத்தி இத்தடையை நீக்கினார். அவருடைய முதல் நோயாளி மேலும் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

ஆயுள் நீண்டது; ஆனால் நோயாளிகள் பலருக்குத் தசை தேய்ந்தது. காரணம் யாது? சவ்வு பொருளின் அளவை அறியுமேயன்றி, நன்மை தீமையை அறியாது. ஆதலின் கழிவோடு, புரதத்தின் செங்கற்களாகிய அமினோ அமிலங்களும், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 6 முதல் 12 கிராம் வரை வெளியேறுகின்றன. குருதியில் மிகும் அமிலம் தசையைச் சிதைக்கிறது. அழற்சியும் பசியின்மையும் அதற்குத் துணை நிற்கின்றன. 2008-இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று, இந்நலிவுக்குப் 'புரத ஆற்றல் தேய்வு' என்னும் பொருள்படப் பெயரிட்டு, அதனை அறியும் அடையாளங்களையும் வகுத்தது.

டயாலிசிஸ் தொடங்குமுன் புரதத்தைக் குறைக்கச் சொல்வதுண்டு. தொடங்கிய பின்போ, உடலெடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை. பழைய பத்தியத்தையே தொடர்ந்தால் தசை மேலும் கரையும். மருத்துவர் அறிவுரைப்படி செய்யும் அளவான உடற்பயிற்சியும் வலிமை தரும். படுத்தவாறே மிதிக்கும் மிதிவண்டிக் கருவியைச் சிகிச்சையின்போதே பயன்படுத்துவோரும் உளர்.

உயிரைக் காத்தல் முதற்பணி. காத்த உயிர் எழுந்து நடக்கவும், தன் கையால் உண்ணவும் வலிமை அளித்தல் அடுத்த பணி. முதற்பணிக்கு வழி கண்டனர் முன்னோர். இரண்டாவது பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. நாளைய மருத்துவர்களாகிய உங்களுக்காக அது காத்திருக்கிறது.