ஏலத்தோட்டத்து நீல மருந்தும் ஒரு சதவீதக் கணக்கும்

தேவாரம், போடிப் பக்கத்து நண்பர்களுக்கு, மலையில் ஏலச்செடிக்கு மழைக்கு முன்னால் அடிக்கும் நீல மருந்து தெரிந்திருக்கும். அதுதான் போர்டோ கலவை. மயில்துத்தம், சுண்ணாம்பு, தண்ணீர், அவ்வளவுதான். காய் அழுகலைத் தடுக்கும்.

இது பிறந்த இடம் பிரான்சின் போர்டோ பகுதி. சாலையோரத் திராட்சையை யாரும் பறிக்காமலிருக்க இதைத் தெளித்து வைப்பார்கள். தெளித்த கொடிகளில் அடிச்சாம்பல் நோய் இல்லாததை 1882-இல் தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே கவனித்தார். 1885-இல் செய்முறையை வெளியிட்டார்: 100 லிட்டர் நீரில் துத்தம் 8 கிலோ, 30 லிட்டர் நீரில் சுண்ணாம்பு 15 கிலோ.

நம் வேதியியல் பாடக் கணக்கைப் போடுவோமா? 8-ஐ 130-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால், துத்தத்தின் செறிவு சுமார் 6 சதவீதம். இன்று ஏலத்துக்கு 1 சதவீதம்தான்: 100 லிட்டருக்குத் துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. குறைந்த செறிவே போதும் என்று பிந்தைய சோதனைகள் காட்டின. செம்பு மண்ணில் மக்காது; தேவைக்கு மேல் ஊற்றினால் அங்கேயே தங்கிவிடும்.

சுண்ணாம்பு குறைந்தாலோ இலை கருகும். அதனால்தான் தீட்டிய கத்தியைக் கலவையில் முக்கிப் பார்ப்பது. செம்பு நிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும்.

பரீட்சையில் கணக்குத் தப்பினால் மார்க் போகும். தோட்டத்தில் தப்பினால் வெள்ளாமையே போகும்!